பந்தய நாயும் கயிறில்லா நடையும்

நாய் வளர்ப்பைப் பற்றிக் குருவானவர் ஒருவர் எழுதுவானேன் என்று வாசகர் வினவக்கூடும். கிரேஹவுண்டு எனப்படும் பந்தய நாய்களுள் மிகுந்த புகழ் பெற்ற ஒன்றை வளர்த்தவரே ஒரு குருதான். அயர்லாந்து நாட்டின் கில்லீ என்னும் சிற்றூரில் மார்ட்டின் புரோஃபி அடிகளாரிடம் 1926-ஆம் ஆண்டில் பிறந்த 'மிக் த மில்லர்' என்னும் நாய், 1929-ஆம் ஆண்டிலும் 1930-ஆம் ஆண்டிலும் இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தில் வாகை சூடியது. பதப்படுத்தப்பட்ட அதன் உடலை டிரிங் நகர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆகவே நாம் எடுத்துக்கொண்ட பொருள் நம் அங்கிக்கு அத்துணை அந்நியமானதன்று.

எனினும் நாம் கூற வந்தது புகழ் பெறாத நாயொன்றின் கதை. மான்செஸ்டர் நகருக்கு வடக்கே, பென்னைன் மலைச்சரிவில் அமைந்த பங்கு ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றினோம். பிரிட்டனில் இயந்திர முயலைத் துரத்தி நாய்கள் வட்டமாக ஓடும் பந்தயம் 1926 ஜூலை 24 அன்று அந்நகரின் பெல் வியூ அரங்கில்தான் தொடங்கிற்று. 2020-ஆம் ஆண்டோடு அங்கே அது முடிவுற்றது. நம் பங்கில் மனைவியை இழந்து தனித்து வாழ்ந்த முதியவர் ஒருவர், பந்தயத்திலிருந்து விடுவிக்கப்பட்ட நான்கு வயதுப் பெண் நாயொன்றைத் தம் இல்லத்திற்கு அழைத்து வந்தார். அயர்லாந்தில் பிறந்தது என்பதற்கு அடையாளமாக அதன் இரு காதுகளிலும் எழுத்துகள் பச்சை குத்தப்பட்டிருந்தன. அதற்கு அவர் இட்ட பெயர் 'நெல்'. நம் செவிக்கு அது எப்போதும் தஞ்சை வயலில் விளையும் நெல்லாகவே ஒலித்தது!

இத்தகைய நாய்களின் இளமை விந்தையானது. கொட்டிலில் வளர்ந்து, வாய்க்கூடு அணிந்து, வேறு ஐந்து நாய்களோடு அரை நிமிடம் ஓடுவதே அவற்றின் தொழில். மாடிப்படி என்றால் என்னவென்று நெல் அறியாது. கண்ணாடிக் கதவில் சென்று மோதிக்கொண்டது. பந்தயத்தில் வழங்கிய பெயர் வேறாகையால், வீட்டில் எப்பெயரிட்டு அழைத்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. முற்காலத்தில் ஓட்டம் ஓய்ந்த நாய்கள் பல கொல்லப்பட்டே வந்தன. அவற்றுக்கு இல்லம் தேடித் தரும் அறக்கட்டளை ஒன்று பிரிட்டனில் 1975-ஆம் ஆண்டில் தோன்றிய பின்னரே நிலைமை சிறிது சிறிதாக மாறலாயிற்று.

ஒருநாள் அம்முதியவர் நம்மிடம் கூறினார்: "ஃபாதர், இவள் கயிறு இல்லாமல் என்னோடு நடக்கப் பழக வேண்டும்." வீண் ஆசை என்றே முதலில் எண்ணினோம். அவர் தம் வலக்கையை நீட்டிக் காட்டினார். நடுக்குவாதத்தால் அது ஆடிக்கொண்டிருந்தது. "என்றேனும் ஒருநாள் கயிறு என் கையிலிருந்து நழுவும். அன்று நான் அழைத்தால் இவள் வர வேண்டும்."

இதிலுள்ள இடர் சிறிதன்று. கிரேஹவுண்டு மோப்பத்தை நம்பி வேட்டையாடும் இனமன்று. கண்ணால் கண்டு துரத்தும் இனம். நம் தென்பாண்டிச் சீமையின் சிப்பிப்பாறை, கன்னி நாய்களை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. தொலைவில் ஒரு பூனை அசைந்தாலும் போதும். சில பாய்ச்சலில் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். நாம் வாய் திறந்து பத்து வினாடி கூவுவதற்குள் நூற்றைம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும். அப்பால் இருப்பது சாலை. சாலையைக் கடந்தால் ஆட்டு மந்தை. ஆடுகளை நாய் துன்புறுத்துவது அந்நாட்டில் 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேறு வழியில்லாதபோது அந்த நாயைச் சுட்ட உழவருக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பும் தருகிறது. அயர்லாந்திலோ, 1986-ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடத்தில் கிரேஹவுண்டைக் கயிறின்றி விடுவதையே தடுக்கிறது. இங்கிலாந்தில் இவ்வினத்துக்கென அத்தகைய சட்டம் இல்லை. எனவே பொறுப்பு முழுவதும் வளர்ப்பவர் தலையில்தான்.

முதியவர் அவசரப்படவில்லை. நெசவாலையில் நாற்பதாண்டு உழைத்தவர். அறுந்த இழையை முடிய அறிந்த பொறுமை அவரிடம் இருந்தது. முதல் மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே பாடம் நடந்தது. உணவுத் தட்டை வைக்குமுன் ஒவ்வொரு வேளையும் சீழ்க்கை ஊதுவார். சீழ்க்கை என்றால் உணவு என்பது நாயின் மனத்தில் பதிந்த பின், வேறோர் அறையிலிருந்து ஊதினார். பின்னர்க் கொல்லையிலிருந்து ஊதினார். "உட்கார்" என்று அவர் பழக்கவே இல்லை. அவ்வினத்தின் தொடைத் தசைக்கு உட்காருதல் எளிதன்றாம். "நில்" என்பதையே கற்பித்தார். கழுத்து தலையைவிடப் பருத்திருப்பதால் சாதாரணப் பட்டை எளிதில் கழன்றுவிடும் என்று, இழுத்தால் இறுகும் அகன்ற பட்டை ஒன்றையும் வாங்கினார்.

அடுத்து, ஆறடி உயர வேலியிட்ட வயலொன்றை வாரந்தோறும் அரைமணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தார். அங்கே நமக்கும் ஒரு வேலை கிடைத்தது. வேகவைத்த கோழி ஈரல் துண்டுகளோடு ஒரு மூலையில் நாம் நிற்போம்; எதிர் மூலையில் அவர் நிற்பார். மாறி மாறி ஊதுவோம். மார்புப்பட்டையில் கட்டிய நீண்ட கயிறு தரையில் புரள, நெல் நம் இருவர்க்குமிடையே போய்வரும். கழுத்துப்பட்டையில் நீண்ட கயிற்றைக் கட்டலாகாது. ஓடும் வேகத்தில் கயிறு தீர்ந்தால் கழுத்தே முறியும். வந்த நாயை உடனே கட்டிவிடாமல், ஈரலைக் கொடுத்து மீண்டும் ஓடவிடுவதே அவர் முறை. அழைப்பு என்றால் ஆட்டம் முடிந்தது என்று நாய் கருதிவிட்டால் பிறகு அது எக்காலத்திலும் வராது. சில பெற்றோர் பிள்ளைகளைக் கண்டிப்பதற்கு மட்டுமே பெயர் சொல்லி அழைப்பது நம் நினைவுக்கு வந்தது.

கயிற்றை முழுதும் அவிழ்த்த நாளில் நெல் அவ்வயலை மும்முறை வட்டமிட்டது. அப்பப்பா, என்ன ஓட்டம்! மழையில் நனைந்த புல்லில் அதன் பாதம் பட்டதா என்றே ஐயுற்றோம். பின்பு மூச்சிரைக்க நின்று, தானாகவே முதியவர் அருகே வந்து, அவருடைய தளர்ந்த நடைக்கு ஈடாக நடந்தது. தசையின் தினவு தீர்ந்த பின்புதான் நடை வாய்க்கும் போலும்.

ஆயினும் வேறொரு நாள் காட்டு முயலொன்று வேலியடியில் புகுந்து ஓடியது. சீழ்க்கை ஒலித்தது, நெல் திரும்பவில்லை. கம்பியே அதனை நிறுத்திற்று. கண் இலக்கைப் பற்றிய பின் செவி வேலை செய்வதில்லை. காது நிமிர்ந்து உடல் விறைக்கும் அந்தக் கணத்துக்கு முன்பே அழைப்பு சென்று சேர வேண்டும். அன்று முதல் முதியவர் வயலைப் பாராமல் நாயின் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேட்டுப் புல்வெளியில் ஒருபோதும் அவிழ்க்க வேண்டாம் என்று நாம் வற்புறுத்தினோம். தத்தளிக்கும் அமைப்புகள் பலவும் அவ்வாறே கூறுகின்றன. அவரும் இசைந்தார்.

பத்து மாதம் சென்றபின் அவர் அஞ்சியது நடந்தது. அஞ்சலகத்து வாயிலில் கை உதறிக் கயிறு நழுவிற்று. நெல் சாலையை நோக்கி நாலைந்து அடி வைத்துவிட்டது. கழுத்தில் தொங்கிய சீழ்க்கையை அவர் ஊத, அது திரும்பி வந்து அவர் சட்டைப்பையில் மூக்கை நுழைத்து ஈரலைத் தேடியதாம்.

இதனை நம்மிடம் சொல்லும்போது அவர் முகத்தில் வெற்றிக் களிப்பு ஏதும் இல்லை. "அன்று எதிரே பூனை இல்லை, ஃபாதர்" என்றார். மறுவாரமும் அந்த வயலை அரைமணி நேரத்துக்கு எடுத்திருந்தார்.