உளி பிடித்த கை

மாமல்லபுரத்தில் என் தாய்மாமன் சிற்பப் பட்டறை வைத்திருக்கிறார். 75 வயதில் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கிற்று. உளியைப் பிடித்தால் நடுக்கம் அடங்கும். சும்மா மடியில் வைத்தால்தான் ஆடும்! பார்க்கின்ஸன் நோயின் குணமே அப்படித்தானாம். வயோதிகத்தில் வருவதுதானே என்று இருந்துவிட்டோம்.

அவருடைய ஐந்து வயதுப் பேத்திக்கு வயிறு பானையாக வீங்கிற்று. தொட்ட இடமெல்லாம் நீலம் பாரித்தது. 'மருமகள் வந்த வேளை' என்று தெருப் பெண்கள் முணுமுணுத்தார்கள். அந்த மருமகள் யார் தெரியுமோ? செங்கற்பட்டில் வாழ்க்கைப்பட்ட மாமாவின் மூத்த மகள் பெற்ற பெண்தான். மாமாவின் மகன் அக்காள் மகளைக் கட்டியிருக்கிறான். நம் குடும்பங்களில் இது புதிதா, என்ன?

சென்னையில் இரத்தம் சோதித்து, கோஷே நோய் என்றார்கள். 1882-ல் பிலிப் கோஷே என்ற பிரெஞ்சு வைத்தியர் விவரித்த அபூர்வப் பரம்பரை வியாதி. ஒருவகைக் கொழுப்பைச் சிதைக்கும் என்ஸைம் குறைவதால், அந்தக் கொழுப்பு மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் தேங்கிவிடுகிறது. ஜி.பி.ஏ. என்ற ஜீனின் பழுது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் இது வராது.

ஆனால் அந்த ஒன்றும் எப்போதும் சும்மா இருப்பதில்லை. எல்லன் சிட்ரான்ஸ்கி என்ற அமெரிக்க டாக்டரும் பல நாட்டு ஆராய்ச்சியாளர்களும் 5,000-க்கு மேற்பட்ட பார்க்கின்ஸன் நோயாளிகளைச் சோதித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். மற்றவர்களைவிட அவர்களிடம் இந்தப் பழுது காணப்படும் வாய்ப்பு 5 மடங்குக்கு மேல்! பழுதைச் சுமக்கும் பெரும்பாலோருக்கு நடுக்கம் வருவதே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் தாயார் மாமாவின் கூடப் பிறந்தவள்; என் விரல்களை நானும் அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன்.

மாமாவின் இரத்தத்திலும் அந்தப் பழுது இருந்தது. மகன் வழியாக ஒன்று, மகளின் மகள் வழியாக ஒன்று. இரண்டும் குழந்தையிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு மருமகளைக் கூப்பிட்டு, "உன்னை யாராவது ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்பம்மா" என்றார்.

குறைந்த என்ஸைமை நரம்பில் ஏற்றும் வைத்தியம் உண்டு. ஆயுள் பூராவும் ஏற்ற வேண்டும். செலவோ மலைக்க வைக்கிறது. 2021-ல் மத்திய சர்க்கார் அரிய நோய்க் கொள்கை கொண்டுவந்தது. மறு வருஷம் உதவித் தொகையை 50 லட்ச ரூபாய் வரை உயர்த்திற்று. மனுப் போட்டிருக்கிறோம்.

இதற்கிடையில் மாமாவின் இளைய மகனுக்கு, அதே அக்காளின் இரண்டாவது பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். இருவரிடமும் பழுது இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் இந்த நோய் வர 4-ல் 1 பங்கு வாய்ப்பு. போன வாரம் இருவரும் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். கூறைப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் புறப்பட இருந்த அத்தை, முடிவு வரட்டும் என்று காத்திருக்கிறாள்.