உடைந்த பெட்மின்டன் மட்டையை எறிய வேண்டாம்



வீட்டில் உடைந்த பெட்மின்டன் மட்டை கிடந்தால் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்காமல் எங்கட பாடசாலைக்குத் தாங்க. எதற்கு என்று சொல்கிறேன்.

எங்கட பிள்ளைகள் பல்சா மரத்தில் மாதிரி விமானம் செய்கிறார்கள். கையால் எறிந்தால் மிதந்து போகும் கிளைடர். பல்சா ஒரு கன மீற்றர் ஏறக்குறைய 160 கிலோதான் வரும். அதே அளவு தண்ணீர் 1000 கிலோ. அவ்வளவு லேசு என்பதால்தான் பறக்கிறது. ஆனால் கொஞ்சம் வேகமாக எறிந்தால் இறக்கை நடுவில் முறிந்துவிடும்.

முறிந்த பிறகு நடப்பதுதான் எனக்குக் கவலை. வாப்பா கட்டாரில் இருக்கிற பிள்ளை அடுத்த கிழமையே புதுப் பலகையோடு வரும். தறியிலும் தோணியிலும் பாடுபடுகிற வீட்டுப் பிள்ளை ஓரமாக நின்று பார்க்கும். பிறகு வராது.

ஏன் நடுவில் முறிகிறது? காற்று இறக்கையை மேலே தூக்குகிறது, உடம்பின் பாரம் நடுவில் கீழே இழுக்கிறது. வளைவு அங்கேதான் அதிகம். வளையும்போது இறக்கையின் மேல்பக்கம் நசுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும், தடிப்பின் மையத்துக்குப் பெரிய வேலையில்லை. அதனால் முழு இறக்கையையும் தடிப்பாக்கினால் பாரம்தான் கூடும். பலம் வேண்டியது மேல், கீழ் விளிம்புகளில், அதுவும் நடுப்பகுதியில்.

இங்கேதான் காபன் நார் வருகிறது. மருதமுனையில் தறி பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: நூலை இழுத்தால் தாங்கும், தள்ளினால் மடங்கும். அதே நூல் பிசினில் ஊறி இறுகிவிட்டால் தள்ளினாலும் நிற்கும். எங்கட மீனவர்களின் ஃபைபர் தோணியும் இதே கணக்குத்தான், அதில் கண்ணாடி நார். காபன் நார் அதைவிட விறைப்பு. உருக்கின் பாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான்.

நல்ல மட்டையின் தண்டு காபன் குழாய். காந்தம் ஒட்டினால் அது இரும்பு, வேண்டாம். குழாயில் டேப் சுற்றி, இரும்பறுக்கும் வாளால் ஒரு சாண் நீளம் வெட்டி, மேற்பரப்பை உரசி, இரண்டு இறக்கைக்கும் நடுவே பாதிப் பாதியாகச் செருகி எபொக்சியால் ஒட்டுவோம். குழாய் முடியும் இடத்தில் திடீரென்று பலம் குறைந்தால் முறிவு அங்கே போகும். அதனால் அந்த இடத்துப் பல்சாவில் மெல்லிய துணி ஒட்டி, பலம் படிப்படியாகக் குறையும்படி விடுவோம்.

வெட்டுவதும் உரசுவதும் ஆசிரியர் வேலை. முகக்கவசம் போட்டு, ஈரமாக்கித்தான் உரச வேண்டும். தூசு நெஞ்சுக்குக் கூடாது, சிலாம்பு கையில் ஏறும். காபன் மின்சாரம் கடத்தும், ஆகவே மின்கம்பிப் பக்கம் பறக்கவிடக் கூடாது. கச்சான் அடிக்கிற காலத்தில் காலையிலேயே கடற்கரைக்குப் போய்விடுவோம். பகலில் விட்டால் விமானம் கடலுக்குத்தான் போகும்.

“இதெல்லாம் விளையாட்டுத்தானே” என்று கேட்கிற பெற்றோருக்கு ஒன்று. 1979 ஜூன் 12 அன்று பிரையன் அலன் என்பவர் சைக்கிள் மிதிப்பதுபோல் மிதித்தே ஒரு விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். பெயர் கொசமர் அல்பட்ரொஸ். அதன் எலும்புக்கூடு காபன் நார்க் குழாய்கள். விமானத்தின் பாரம் ஏறக்குறைய 32 கிலோ, ஒரு பள்ளிப் பிள்ளையின் பாரம்.

மட்டை இருந்தால் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஒரு மட்டையில் ஒரு இறக்கை நிற்கும்.