கசங்கின கோட்டு

பள்ளிக்கூடத்து பேஸ்பால் ஆட்டம். மூன்றாவது பேஸுக்கு ஓடி வந்த பையனை அம்பயர் 'அவுட்' என்கிறார். பையனுக்கோ தான் அவுட் இல்லை என்று சர்வ நிச்சயம். கத்தவில்லை, காலை உதைக்கவில்லை. வலது கண்ணுக்குள் விரலை விட்டான். கண்ணாடிக் கண்ணைக் கழற்றினான். அம்பயரிடம் நீட்டி, 'இந்தாங்க, இதைப் போட்டுப் பாருங்க' என்றான். அப்படி ஒரு சிரிப்பு எழுந்ததாம்.

பையன் பெயர் பீட்டர் ஃபால்க். பின்னாளில் 'கொலம்போ' என்ற டி.வி. துப்பறியும் தொடர் மூலம் உலகத்தின் பாதி வரவேற்பறைகளில் தெரிந்த முகம். இந்தக் கதையை அவரே பேட்டிகளில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

1927 செப்டம்பரில் நியூயார்க்கில் பிறந்தவர். மூன்று வயதில் விழித்திரையில் புற்றுநோய். உயிரா, கண்ணா என்ற கேள்விக்கு டாக்டர்கள் கண்ணை எடுத்தார்கள். அன்றிலிருந்து ஒரு கண் சொந்தம், இன்னொன்று கண்ணாடி. நம்மில் பெரும்பாலோர் முன்பல் விழுந்தாலே வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறவர்கள். இவர் குறையை உள்ளங்கையில் வைத்து அடுத்தவனுக்கு நீட்டிவிட்டார். அதற்கப்புறம் கிண்டல் செய்ய அடுத்தவனுக்கு என்ன இருக்கிறது?

இரண்டாம் உலகப் போர் முடியும் சமயம் ராணுவத்தில் சேரப் போனார். ஒற்றைக் கண்ணனை எடுப்பார்களா? வணிகக் கப்பலில் சமையல்காரராகப் போய்ச் சேர்ந்தார். திரும்பி வந்து படித்தார். 1953-ல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம். அந்தக் கையோடு அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.வுக்கு மனு போட்டார். கப்பலில் இருந்தபோது சமையல்காரர்கள் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததைக் காட்டி நிராகரித்துவிட்டார்கள். உலகத்தின் மிகப் பிரபலமான டி.வி. துப்பறிவாளரை உளவுத்துறை வேண்டாம் என்று அனுப்பியது சரித்திரம்.

கடைசியில் கிடைத்தது கனெக்டிகட் மாநில பட்ஜெட் அலுவலகத்தில் நிர்வாக ஆய்வாளர் உத்தியோகம். ஹார்ட்ஃபர்ட் நகரம். அரசாங்க ஆபீஸ்களில் வேலை திறமையாக நடக்கிறதா என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அந்தத் திறமை நிபுணர், முதல் நாள் காலை ஆபீஸ் கட்டடத்தையே கண்டுபிடிக்க முடியாமல் தாமதமாகப் போனாராம்.

பி.காம் படித்துவிட்டுப் பேனா பிடித்தவன் என்பதால், ஃபால்க்கின் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இதுதான். மாதச் சம்பளம், பென்ஷன், மேஜை, நாற்காலி. சாயங்காலமானால் அமெச்சூர் நாடகக் குழுவில் ஒத்திகை. இருபத்தெட்டு வயசு. அப்படியே காலத்தைத் தள்ளியிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது.

அப்போது ஈவா லே காலியென் என்ற பெரிய நாடக நடிகை வெஸ்ட்போர்ட்டில் தொழில்முறை நடிகர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். தானும் தொழில்முறை நடிகர்தான் என்று புருடா விட்டு அதில் நுழைந்துவிட்டார் ஃபால்க். ஆபீஸ் முடிந்து ஹார்ட்ஃபர்டிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வருவதற்குள் ஒவ்வொரு வாரமும் லேட். ஒரு நாள் அம்மையார் கேட்டே விட்டார். ஏன் எப்போதும் தாமதம்? ஹார்ட்ஃபர்டிலிருந்து வர வேண்டியிருக்கிறது. அங்கே நாடகக் கொட்டகையே கிடையாதே, நடிப்பில் எப்படிப் பிழைக்கிறாய்? அதற்கு மேல் பொய் தாங்கவில்லை. நான் நிஜத்தில் நடிகன் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அம்மையார் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அப்படியானால் நடிகனாகிவிடு என்றார்.

அவ்வளவுதான். திரும்பிப் போனார், ராஜினாமா கடிதம் கொடுத்தார். 1956-ல் நியூயார்க்கில் நாடக மேடை ஏறினார். ஒரு மனுஷனைப் பார்த்து 'உன்னால் முடியும்' என்று சொல்ல நிறைய மூளை வேண்டாம். சரியான ஆளிடம், சரியான நாளில் சொல்ல வேண்டும். அந்த அம்மையாருக்கு அது தெரிந்திருந்தது.

எல்லோருக்கும் தெரியவில்லை. 1950-களின் பிற்பகுதியில் கொலம்பியா ஸ்டூடியோவில் பரீட்சார்த்தமாகப் படமெடுத்துப் பார்த்தார்கள். ஸ்டூடியோ தலைவர் ஹாரி கோன் பார்த்துவிட்டு, இதே பணத்துக்கு எனக்கு ரெண்டு கண் உள்ள நடிகன் கிடைப்பானே என்று சொல்லிவிட்டாராம். ஃபால்க் அழுததாகத் தெரியவில்லை. 'மர்டர் இன்க்' என்ற 1960-ம் வருஷப் படத்தில் கூலிக் கொலைகாரனாக வந்தார். முதல் பெரிய வேஷத்துக்கே ஆஸ்கர் பரிந்துரை. அடுத்த வருஷம் ஃபிராங்க் காப்ராவின் படத்துக்கு இன்னொரு பரிந்துரை. முதல் தடவை விழா மேடையில் 'பீட்டர்' என்று வாசித்ததும் பாதி எழுந்துவிட்டாராம். அவர்கள் வாசித்தது பீட்டர் உஸ்தினாவ். எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார்.

இனி கொலம்போ.

ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்று இரண்டு எழுத்தாளர்கள். சின்ன வயசு சிநேகிதர்கள். அவர்கள் உருவாக்கிய லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் லெப்டினென்ட்தான் கொலம்போ. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வரும் விசாரணை அதிகாரி போர்ஃபிரிதான் மூல விதை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். 1960-ல் வேறொரு நடிகர் டி.வி.யில் செய்தார். அப்புறம் மேடை நாடகமானது. 1968-ல் மறுபடி டி.வி. படமாக எடுக்கும்போது முதலில் கேட்டது பாடகர் பிங் கிராஸ்பியை. கோல்ஃப் ஆட நேரம் கிடைக்காது என்று அவர் மறுத்ததாகச் சொல்வார்கள். நாற்பது வயசு ஃபால்க்குக்குக் கதவு திறந்தது. 1971-ல் தொடராக ஆரம்பித்தபோது முதல் எபிசோடை இயக்கியது 24 வயசுப் பையன் ஒருத்தன். பெயர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்.

கொலம்போ கதைகளில் ஒரு விசேஷம். கொலைகாரன் யார் என்பது முதல் கால் மணி நேரத்திலேயே நமக்குத் தெரிந்துவிடும். நம் கண் எதிரிலேயே கொல்வான். யார் செய்தது என்பது கேள்வியே இல்லை. இந்த ஆள் எப்படிப் பிடிக்கப் போகிறார் என்பதுதான் கேள்வி. கொலைகாரர்கள் எல்லாம் பெரும்பாலும் பெரிய மனிதர்கள். இருதய சர்ஜன், இசைக்குழு நடத்துனர், நாவலாசிரியர், செஸ் சாம்பியன். பளிங்குத் தரை, நீச்சல் குளம், கையில் கோப்பை. அந்த வீட்டு வாசலில் கசங்கிய மழைக் கோட்டும் பாதி பிடித்த சுருட்டும் கலைந்த தலையுமாக ஒருவர் வந்து நிற்பார். ஓட்டை உடைசல் பூஜோ காரில். பாக்கெட்டில் பென்சிலைத் தேடுவார், இருக்காது. கொலைகாரனிடமே கடன் கேட்பார். 'என் ஒய்ஃப் உங்க பரம ரசிகை சார்' என்பார். அந்த ஒய்ஃபை அந்தத் தொடரில் கடைசி வரை கண்ணில் காட்டவே இல்லை.

கோட்டு ஃபால்க்குடைய சொந்தக் கோட்டு. நியூயார்க் 57-வது தெருவில் மழையில் மாட்டிக்கொண்டபோது 15 டாலருக்கு வாங்கியது என்று சொல்லியிருக்கிறார். படப்பிடிப்பில் கொடுத்த உடைகள் பிடிக்காமல் வீட்டிலிருந்து இதை எடுத்து வந்தார்.

பெரிய மனிதர் கோட்டைப் பார்ப்பார். ஆளை எடை போட்டு முடித்துவிடுவார். கொலை செய்ததல்ல, அந்த எடை போட்டதுதான் அவர் செய்யும் முதல் தப்பு. அலட்சியம் வந்துவிட்டால் நாக்கு நீளும். இந்த மண்டுவுக்கு விளக்குவோமே என்று வலிய வந்து விளக்கம் சொல்வார். கொலம்போ தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுக்கொள்வார். நன்றி சொல்லிவிட்டு வாசல் வரை போவார். அப்பாடா என்று கொலைகாரர் மூச்சு விடும்போது திரும்புவார். 'இன்னும் ஒரே ஒரு விஷயம் சார்...'

அந்த 'ஒரே ஒரு விஷயம்' பிறந்த கதை இன்னும் ஜோர். நாடகத்தை எழுதும்போது ஒரு காட்சி நீளம் போதவில்லை. கொலம்போ ஏற்கெனவே வெளியே போயாகிவிட்டது. பக்கத்தைத் திரும்ப டைப் அடிக்க அலுப்பு. அதனால் கதவில் தலையை நீட்டி இன்னொரு கேள்வி கேட்க வைத்துவிட்டார்கள். சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு பெரிய சன்மானம் வேறெங்கும் கிடைத்திருக்காது.

ஒரு எபிசோடில் இசைக்குழு நடத்துனர்தான் கொலைகாரர். கோட்டில் எப்போதும் ஒரு பூ. கொலை நடந்த வீட்டில் அது விழுந்துவிடுகிறது. அன்று கச்சேரியில் பூ இல்லை. கச்சேரி முடிந்து அதே வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போய்விட்டு வரும்போது பூ இருக்கிறது! படச்சுருளை ஓடவிட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது ஒற்றைக் கண் ஆசாமி.

இன்னொன்றில் கொலைகாரர் ஒயின் தயாரிப்பவர். அவரை மடக்குவதற்காகவே கொலம்போ உட்கார்ந்து ஒயின் சாஸ்திரம் படிக்கிறார். கைது செய்து கூட்டிப் போகும் வழியில் காரை நிறுத்தி ஒரு பாட்டிலைத் திறக்கிறார். தேர்வு சரியானது. கொலைகாரர் மனசாரப் பாராட்டுகிறார். தோற்றுப்போன பெருமைக்காரன் முதல் முறையாக எதிராளியைச் சமமாகப் பார்க்கும் இடம் அது. டி.வி.டி.யில் எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் தொண்டை கொஞ்சம் அடைக்கும்.

அந்த இசைக்குழு நடத்துனராக வந்தவர் ஜான் கஸாவெட்டிஸ். ஃபால்க்கின் ஆத்ம நண்பர். ஹாலிவுட்டுக்கு வெளியே, சொந்தக் காசில், பிடிவாதமாகப் படம் எடுத்தவர். மனம் பிறழும் மனைவியைப் பற்றி 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' எடுக்க யாரும் பணம் தரவில்லை. கஸாவெட்டிஸ் வீட்டை அடமானம் வைத்தார். ஃபால்க் கொலம்போவில் சம்பாதித்ததிலிருந்து 5 லட்சம் டாலர் போட்டார். அந்த மனைவியைப் புரிந்துகொள்ளத் தெரியாமல் தவிக்கும் கட்டடத் தொழிலாளி கணவனாக அவரே நடித்தார். 1974-ல் வந்தது. வரவு செலவு எழுதுகிறவன் இதை எந்தப் பக்கம் எழுதுவான்? பட்ஜெட் ஆபீஸைவிட்டு ஓடி வந்தவருக்கு அந்தக் கவலை இல்லை.

1987-ல் ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் கூப்பிட்டு பெர்லினில் ஒரு படத்தில் பீட்டர் ஃபால்க்காகவே நடிக்க வைத்தார். 'விங்ஸ் ஆஃப் டிசையர்'. நகரத்தில் தேவதூதர்கள் நடமாடுகிறார்கள், பெரியவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தள்ளுவண்டிக் கடையில் காபி குடிக்கும் ஃபால்க்குக்கு மட்டும் பக்கத்தில் ஒருவர் நிற்பது தெரிகிறது. காணாத அந்தத் தோழனுக்குக் கையை நீட்டுகிறார். குளிரில் கையைத் தேய்ப்பது, சூடாக ஒரு காபி, இதெல்லாம் எத்தனை சுகம் என்று சொல்கிறார். அவரும் ஒரு காலத்தில் தேவதூதராக இருந்து மண்ணுக்கு இறங்கி வந்தவராம். ரெண்டு கண் இருந்தவர்களுக்குத் தெரியாதது, ஒரு கண்காரருக்குத் தெரிந்ததாக வெண்டர்ஸ் காட்டியது எனக்கு நியாயமாகவே படுகிறது.

கொலம்போ நடுவில் பத்து வருஷ இடைவெளி விட்டு, 2003 வரை வந்துகொண்டிருந்தார். மொத்தம் 69 கதைகள். ஐந்து எம்மி விருதுகள், அதில் நான்கு கொலம்போவுக்கு.

அதற்கப்புறம்தான் மனசு கேட்காத பகுதி. 2008-ல் பெவர்லி ஹில்ஸ் தெருவில் தலை கலைந்து, திசை தெரியாமல், கைகளை ஆட்டிக்கொண்டு நிற்கும் ஃபால்க்கின் படங்கள் வெளியாயின. மறதி நோய். அவருக்கு யார் பாதுகாவலர், யார் வந்து பார்க்கலாம் என்று குடும்பத்துக்குள் வழக்கு நீதிமன்றம் வரை போனது. 2009-ல் சாட்சி சொன்ன மருத்துவர், கொலம்போ என்ற பாத்திரத்தில் நடித்ததே அவருக்கு நினைவில்லை என்றார். எதையும் மறக்காததால் புகழ்பெற்ற பாத்திரம். அதில் நடித்தவருக்கு அதுவே மறந்துபோயிற்று.

அந்தப் படங்களை நானும் பார்த்தேன். கலைந்த தலை, குழம்பிய முகம். இதே கோலத்தை முப்பத்தைந்து வருஷமாக டி.வி.யில் பார்த்துக் கைதட்டியிருக்கிறது உலகம். அப்போது அது வேஷம், உள்ளே கூர்மையான ஒருவர் இருக்கிறார் என்று நமக்குத் தெரியும். இப்போது இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. தெரியாதபோது என்ன செய்ய வேண்டும்? பாவம், இனி ஒன்றுமில்லை என்று எடை போட்டு ஒதுங்குவது சுலபம். பளிங்குத் தரைப் பெரிய மனிதர்கள் செய்ததும் அதைத்தானே? இருக்கிறார் என்றே வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருவதுதான் மரியாதை.

2011 ஜூன் 23-ம் தேதி, 83 வயதில் காலமானார். அதற்குப் பிறகு அவர் மகளின் முயற்சியால் அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒரு சட்டம் வந்தது. சுயநினைவு தவறியவர்களைப் பார்க்க வரும் குடும்பத்தாரைப் பாதுகாவலர்கள் இஷ்டத்துக்குத் தடுக்கக் கூடாது, உடல்நிலை மோசமானால் தகவல் சொல்ல வேண்டும் என்கிற மாதிரிச் சட்டம். 'பீட்டர் ஃபால்க் சட்டம்' என்றே பெயர். ஆஸ்கர் கிடைக்காத மனுஷருக்கு இது கிடைத்தது. ஆஸ்கரை அலமாரியில்தான் வைக்க முடியும். இந்தச் சட்டத்தால் எங்கேயோ ஒரு மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

2014-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்தில் கொலம்போவுக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். ஒரு கை தலையில், காலடியில் அவருடைய சோம்பேறி நாய். என்ன அது, யார் செய்தது, எங்கேயோ இடிக்கிறதே என்று யோசிக்கிற நிலை.

சிலைதானே, நன்றாக இருக்கட்டும் என்று சிற்பி கோட்டை இஸ்திரி போட்டுவிடவில்லை. நல்ல காரியம் செய்தார்.