வார இறுதிச் சீட்டு

ஜெர்மன் ரயில்வே 1995இல் ஒரு சீட்டை அறிமுகப்படுத்தியது. விலை 15 மார்க். அதைக் கொண்டு ஐந்து பேர் வார இறுதியில் நாடெங்கும் பயணம் செய்யலாம். நிபந்தனை ஒன்றே: விரைவு ரயில்களில் ஏறக்கூடாது. ஊர் ஊராக நின்று செல்லும் வண்டிகள்தாம். பின்னர் விலை ஏறியது. சனி அல்லது ஞாயிறு, ஒரு நாள் மட்டுமே என்றும் ஆனது. 2019இல் அச்சீட்டையே நிறுத்திவிட்டார்கள். நாங்கள் லைப்சிக்கில் படித்த 2007 முதல் 2009 வரையிலான ஆண்டுகளில், ஐரோப்பாவை எங்களுக்குத் திறந்துவிட்டது பல்கலைக்கழகமன்று, அந்தச் சீட்டுதான்.

நாங்கள் நால்வர். சீட்டு ஐவருக்கானது. ஐந்தாவது ஆள் கிடைத்தால் ஆளுக்கு விழும் தொகை குறையும் என்ற அற்பக் கணக்கில்தான் அண்ணனை முதன்முதலில் அழைத்தோம். அண்ணன் மாணவர் அல்லர். யாழ்ப்பாணத்தவர். எண்பதுகளின் நடுவில் ஜெர்மனிக்கு வந்து, பல ஊர்களில் பல சமையற்கூடங்களில் நின்று, கடைசியில் லைப்சிக்கின் உணவகமொன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். "தம்பியவை கூப்பிட்டால் வராமல் இருக்கேலுமே" என்று வந்தார். எங்கள் புளிசாதப் பொட்டலங்களோடு அவருடைய ரொட்டியும் கட்டைச் சம்பலும் சேர்ந்தன. இரண்டாவது பயணத்திலிருந்து நாங்கள் அவருடைய பொட்டலத்தையே நம்பிப் போகத் தொடங்கினோம்.

பார்த்த ஊர்களை எல்லாம் இங்கே விவரிக்கப்போவதில்லை. விட்டன்பர்க்கில், 1517இல் லூத்தர் தம் கருத்துரைகளை அறைந்ததாகச் சொல்லப்படும் தேவாலயக் கதவைத் தேடிப் போனோம். அக்கதவு 1760இல் எரிந்துபோயிற்றாம். இப்போதிருப்பது 1858இல் வைத்த வெண்கலக் கதவு. டிரெஸ்டனில் 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் சரிந்து, நாற்பதாண்டுகளுக்கும் மேலாக இடிபாட்டுக் குவியலாகவே விடப்பட்டிருந்த மாதா கோவிலை 2005இல் மீட்டெடுத்திருக்கிறார்கள். பழைய கற்களை எடுத்து இயன்றவரை அவற்றின் பழைய இடத்திலேயே வைத்துக் கட்டியதால், மஞ்சள் நிறச் சுவரில் ஆங்காங்கே கறுப்புக் கற்கள் தெரிகின்றன. ஹாலே லைப்சிக்கிலிருந்து கூப்பிடு தூரம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கின் தமிழ் இலக்கண நூல் 1716இல் அச்சானது இங்கேதான். பிராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச் சுவடிகள் இருக்கின்றன. நாங்கள் ஊர் திரும்பிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது ஹாலேயைத்தான். மனத்தில் தங்கியதோ வைமார்.

அது 2009 பிப்ரவரி. வன்னியில் போர் இறுதிக்கட்டத்தை நெருங்கியிருந்த நேரம். அண்ணனின் அக்கா குடும்பம் அங்கே அகப்பட்டிருந்தது. வாரக்கணக்கில் தொலைபேசித் தொடர்பில்லை. (மே மாதத்திற்குப் பின் அவர்கள் செட்டிகுளம் முகாமில் இருப்பதாகத் தகவல் வந்தது. ஒருவர் குறைவாக.) அந்தச் சனிக்கிழமை அவர் வரமாட்டார் என்றே நினைத்திருந்தோம். எங்களுக்கு முன்பே நிலையத்தில் நின்றிருந்தார். "அறையிலை இருந்தால் இணையத்தைத்தான் பாத்துக்கொண்டிருப்பன்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நாம்பூர்க் கடந்து சாலே ஆற்றோரம் வண்டி ஊர்ந்தபோது, பனிக்குள் வரிசையாக நின்ற மொட்டைத் திராட்சைக் கொடிகளைக் காட்டி எங்களில் ஒருவன் ஏதோ சொல்ல, அவரும் தலையசைத்தார்.

வைமார் சிற்றூர். கதே ஏறக்குறைய ஐம்பதாண்டுகள் வாழ்ந்து 1832இல் மறைந்த வீடும், ஷில்லரின் வீடும் சில நிமிட நடைக்குள் இருக்கின்றன. நாங்கள் போனது அன்னா அமாலியா நூலகத்திற்கு. கதே பல்லாண்டுகள் மேற்பார்வையிட்ட நூலகம் அது. 2004 செப்டம்பர் 2ஆம் நாள் மாலை அதன் கூரைப் பகுதியில் தீப்பிடித்தது. பழுதான மின்கம்பி காரணமாக இருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. நூல்களைப் பாதுகாப்பான புதிய நிலவறைக்கு மாற்றச் சில வாரங்களே இருந்தனவாம். ஊர் மக்களும் ஊழியர்களும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிப் புத்தகங்களை வெளியே கொண்டுவந்தார்கள். நூலக இயக்குநர் எரியும் கட்டடத்துக்குள் புகுந்து 1534ஆம் ஆண்டு லூத்தர் பைபிளை மீட்டு வந்தார். இருந்தும் 50,000 நூல்கள் அழிந்தன. 62,000 நூல்கள் நெருப்பாலும் நீராலும் சேதமுற்றன.

நனைந்தவற்றை உறையவைத்து லைப்சிக்கிற்கு அனுப்பி, உறைநிலையிலேயே ஈரத்தை நீக்கியிருக்கிறார்கள். எங்கள் விடுதி இருந்த ஊரில் இப்படியொரு வேலை நடந்தது வைமாருக்குப் போய்த்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஓரம் கருகிய தாள்களுக்குச் சாம்பல் புத்தகங்கள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தாளைக் கழுவி, இழந்த பகுதியைக் காகித நாரால் நிரப்பி, மேலே மெல்லிய ஜப்பானியத் தாளை ஒட்டி எடுக்கிறார்கள். ஒவ்வொரு தாளாக. 2007 அக்டோபரில் கட்டடம் மீண்டும் திறக்கப்பட்ட பிறகும் பல ஆண்டுகள் நீண்ட வேலை இது.

காலணிக்குமேல் கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு அந்த வெள்ளையும் பொன்னுமான நீள்வட்டக் கூடத்துக்குள் நுழைந்தோம். நாங்கள் கூரையைப் பார்த்தோம். அண்ணன் அலமாரிகளைப் பார்த்தார். வெளியே வந்து காலணியைச் சரிசெய்தபடி, "நான் எங்கடை லைபிரரியிலை சின்னப்பிள்ளையள் பகுதியிலை அங்கத்தவன்" என்றார். எங்களுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைத் தமிழிலக்கியம் படிக்கிற யாருக்கும் நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ 97,000 நூல்கள். எரிவதைக் கண்ட தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே உயிர்நீத்தார். ஆனால் படித்துத் தெரிந்துகொள்வதும், அந்த நூலகத்தின் அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்த சிறுவன் நாற்பது வயதுக்குமேல் நம் முன்னே நிற்பதும் ஒன்றல்ல. எங்களில் ஒருவன் ஆறுதலாகச் சொல்வதாக நினைத்து, "இங்கேயும் எரிந்துதானே அண்ணா, மறுபடி கட்டினார்கள்" என்றான். அண்ணன் கோபப்படவில்லை. "இஞ்சை எரிஞ்சது தற்செயல், தம்பி. அங்கை கொளுத்தினது. லைபிரரியைத் திருப்பிக் கட்டினவைதான். கொளுத்தினவையை ஆர் கேட்டது?" என்றார்.

மதியத்திற்குமேல் புகன்வால்டுக்குப் பேருந்து ஏறினோம். நகரிலிருந்து எட்டு கிலோமீட்டர், எட்டர்ஸ்பெர்க் குன்றின்மேல். 1937இல் தொடங்கிய நாஜி வதைமுகாம். 1945 ஏப்ரல் வரை 56,000 பேர் அங்கே மாண்டார்கள். "அவனவனுக்கு உரியது அவனவனுக்கு" என்று இரும்பு வாயிலில் எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பவர் படிக்கும்படி எழுத்துகள் உட்புறம் நோக்கியிருக்கின்றன. அவ்வெழுத்துகளை வடிவமைத்தவர் பௌஹௌஸ் பள்ளியில் பயின்ற கைதி ஒருவர். அந்தப் பள்ளி 1919இல் தொடங்கப்பட்டது அதே வைமாரில். கதே உலவிய காடு என்பதற்காக ஓர் ஓக் மரத்தை மட்டும் வெட்டாமல் விட்டு முகாமைக் கட்டியிருக்கிறார்கள். மரத்துக்குக் காட்டிய அந்த மரியாதையைப் போல எங்களை வெறுப்படையச் செய்தது அங்கே வேறெதுவுமில்லை.

கைதிகளைக் கணக்கெடுக்க நிறுத்திவைத்த வெட்டவெளியில் தரையோடு தரையாக ஒரு உலோகத் தகடு பதிக்கப்பட்டிருக்கிறது. 1995இல் வைத்தது. அங்கே அடைபட்டிருந்தவர்களின் நாட்டினங்கள் பெயர்களாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன, ஐம்பதுக்கும் மேல். கோடையிலும் குளிரிலும் அத்தகட்டை 37 டிகிரி வெப்பத்தில் வைத்திருக்கிறார்கள். மனித உடலின் வெப்பம். சுற்றிலும் கணுக்கால் அளவு பனி. தகட்டின்மேல் மட்டும் பனியில்லை, ஈரம் மின்னியது. கையுறையைக் கழற்றி ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தோம். அண்ணன் குந்தியிருந்து இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்தார். நாங்கள் வாயிலருகே போய்க் காத்திருந்தோம். பேருந்தொன்றைத் தவறவிட்டோம். அடுத்ததற்கு நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது.

திரும்பும் வண்டியில் வெளியே எதுவும் தெரியவில்லை, கண்ணாடியில் எங்கள் முகங்களைத் தவிர. ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அண்ணன் சொன்னார்: லைபிரரி எரிந்த நாளில் அவர் எடுத்திருந்த புத்தகமொன்று வீட்டிலேயே இருந்ததாம். படமும் கதையுமாக ஒரு சிறுவர் நூல். திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி பின்னட்டையில் முத்திரையிட்டிருந்தது, கொடுக்க இடமில்லை. அம்மா அதைத் துணிப்பெட்டிக்குள் வைத்திருந்தார். 1995 இடப்பெயர்வின்போது அம்மா அதையும் எடுத்துக்கொண்டு கிளாலிக் கடலைக் கடந்தார். அம்மாவிற்குப் பின் அக்காவிடம் இருந்தது.

"தவணை முடிஞ்சு இருபத்தேழு வருசம். தண்டப்பணம் எவ்வளவு வரும் எண்டு கணக்குப் போடுங்கோ, படிக்கிற பிள்ளையள்தானே" என்றார்.

எங்களில் கணிதம் படித்தவன் உண்மையிலேயே கணக்குப் போடத் தொடங்கினான். ஒரு நாளைக்கு எத்தனை சதம் என்று கேட்டான். அண்ணன் யோசித்தார், நினைவில்லை என்றார். பரிசோதகர் வந்தார். ஐவருக்குமான சீட்டு அன்று அண்ணனின் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து நீட்டினார்.