கத்தியோடு காடு வளர்ப்பது

யூன் 5 சுற்றாடல் தினம். வெள்ளவத்தையில் அப்போது தென்மேல் பருவமழை. காலி வீதி ஓரத்தில் எதை ஊன்றினாலும் துளிர்த்துவிடும் போலிருக்கும். அந்த நம்பிக்கையில் மரக்கன்றுகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைப் பக்கம் புறப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அங்கே மழை ஓய்ந்து, சோளகம் நிலத்தை உலர்த்தத் தொடங்கும் காலம் அது. இனி ஐப்பசியில்தான் நம்பி மழை பார்க்கலாம். அதுவரை நட்ட கன்று தாக்குப்பிடிப்பது அபூர்வம். எடுத்த படத்தில் மட்டும் பச்சையாக நிற்கும்.

கண்டலம வீதியில் இருக்கும் பொப்ஹாம் மரத்தோட்டத்தில் தொண்டு வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் இதெல்லாம் எனக்குப் புரிந்தது. தேயிலைத் தோட்டத் துரையாக இருந்த சாம் பொப்ஹாம், சேனை வெட்டிக் கைவிடப்பட்ட பற்றைக்காட்டில் 1963இல் அதைத் தொடங்கினார். முதலில் அவரும் கன்றுதான் நட்டார், சரிவரவில்லை. ஆனால் பற்றையை விலக்கிய இடங்களில் முதிரையும் பாலையும் தாமாகவே தலை நீட்டின. நடுவதை விட்டுவிட்டு, முளைத்ததைத் தெரிந்து காப்பாற்றுவதையே அவர் தொழிலாக்கிக்கொண்டார். 1989இல் தோட்டம் அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1975இல் கொழும்பில் தொடங்கிய 'ருக் ரெககன்னோ' மரச் சங்கமும் பிற்பாடு அதன் பராமரிப்பை ஏற்றது. அங்கேயுள்ள சின்ன வீட்டை வரைந்தவர் ஜெப்ரி பாவா. பார்க்க வருகிறவர்கள் பலர் அதைத்தான் படமெடுப்பார்கள்; மரங்களுக்கு இதில் வருத்தமிருக்காது.

தானாக முளைத்தது ஏன் பிழைக்கிறது? சேனைக்காரர் வெட்டிய மரத்தின் வேர் மண்ணுக்குள் சாகாமல் கிடக்கும். அடிக்கட்டையிலிருந்து நாலைந்து தளிர் ஒன்றாக எழும்பும். அவற்றுக்கு ஏற்கெனவே ஆழத்து நீர் தெரியும். நாற்றுமேடைக் கன்றுக்குப் பொலித்தீன் பையளவு மண்தான் தெரியும். நாலைந்தில் நேரானதும் திடமானதுமான ஒன்றை விட்டு மற்றவற்றைத் தரையோடு சாய்வாக வெட்டவேண்டும். தட்டையாக வெட்டினால் தண்ணீர் தங்கி அடிக்கட்டை உளுத்துப்போகும்.

வெட்டுவதில் கையை விடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம். "தம்பி, கத்தி ஓங்க முதல் மேலே பார்" என்பார் எங்களோடு வரும் மூத்த அக்கா ஒருவர். மேலே திறப்பு பெரிதானால் வெயில் விழும். வெயில் விழுந்தால் கினிப்புல் வரும். புல் காய்ந்தால் ஆவணி புரட்டாதியில் தீ வரும். முதிரைக்கு வெளிச்சம் வேண்டும், இளங்கருங்காலிக்கோ நிழல் வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒரே பற்றையின் ஒரு பக்கத்தை வெட்டி மறுபக்கத்தை விடவேண்டியிருக்கும். சூரைமுள்ளை எல்லோருக்கும் வெட்டத்தான் ஆசை, சட்டையைக் கிழிக்கிறதே! ஆனால் மாடு வாய்வைக்காமல் கன்றைக் காப்பதும் அந்த முள்தான். கன்று மாட்டின் வாய்க்கு எட்டாத உயரம் போகும்வரை நான் அதைத் தொடமாட்டேன்.

கொழும்பிலிருந்து புதிதாக வருகிற இளைஞர்களுக்கு இந்த வேலை ஏமாற்றமாக இருக்கும். நாள் முழுக்கக் குனிந்து எழும்பினாலும் நட்டதென்று காட்ட ஒன்றுமில்லை. பெயர்ப்பலகையும் கிடையாது. அடுத்த முறையும் வருகிறவர்கள் அதில் கொஞ்சப்பேர்தான். அவர்கள்தான் வேலைக்கு ஆகிறவர்கள்.

எங்களுக்குள் தீராத வழக்கு கொடிகளைப் பற்றியது. தடித்த கொடி இளமரத்தை நெரித்து வளைத்துவிடும், வெட்டு என்கிறது ஒரு கட்சி. இரவில் டோர்ச் அடித்துத் தேவாங்கு பார்த்தவர்கள் விடமாட்டார்கள். அது கிளைக்குக் கிளை கைபிடித்துத்தான் போகும், தாவாது. இரண்டு மரத்துக்கும் நடுவே உள்ள கொடியை அறுத்தால் அது தரையில் இறங்கித்தான் கடக்கவேண்டும், கீழே நாய் நிற்கும். நான் இரண்டாம் கட்சி. ஆனாலும் நல்ல பாலையொன்று கொடியின் பாரத்தில் வில்லாய் வளைந்து நிற்கும்போது கை துறுதுறுக்கத்தான் செய்கிறது. இப்போதைக்கு ஓர் உடன்பாடு: மேலே கிளைகள் ஒன்றையொன்று தொட்ட பிறகுதான் கீழே கொடியில் கத்தி வைப்பது. வளைந்த பாலைக்கு முண்டு கொடுத்திருக்கிறோம்.