கைக்கு இசைந்த இருபத்திரண்டு

டெக்சாசில் குடியிருக்கும் நம்மவர்களிடம் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். ஒன்று, "நமக்கெதற்கு அதெல்லாம்?" இன்னொன்று, குரலைத் தாழ்த்தி, "வீட்டில் ஒன்று இருக்கிறது." குறிபார்த்துச் சுடுவது ஒரு பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் குறைவு. மெரினாவில் பலூன் சுட்ட காலத்திலிருந்தே எனக்கு அந்த ஆசை உண்டு.

எச்1பி விசாவில் இருந்தவரை அதை நினைத்துப் பார்க்கவில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த மாதிரி விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு வந்தால் அந்தத் தடை இல்லை. இது தெரியாத புதியவர்கள் இன்றும் நண்பரோடு விளையாட்டாகச் சுடப் போகிறார்கள்.

எனக்கு வேண்டியது .22 லாங் ரைஃபிள் தோட்டா போடும் கைத்துப்பாக்கி. 1887 முதல் இருக்கும் தோட்டா அது. வெடிமருந்தைப் பற்றவைக்கும் பசை அடிப்பாகத்தின் நடுவில் இல்லாமல் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் ரிம்ஃபயர் என்கிறார்கள். விலை மலிவு, பின்னுதைப்பு மிகக் குறைவு. சில சமயம் வெடிக்காமல் 'டிக்' என்று நின்றுவிடும். அப்போது குழலை இலக்கின் பக்கமே நீட்டி அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். சத்தம் சின்னது என்று நம்பிக் காதுக்கவசத்தைக் கழற்றாதீர்கள். 140 டெசிபெலைத் தாண்டும்.

எதை வாங்குவது? துல்லியத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இருபது வருடம் கீபோர்டு தட்டிய மணிக்கட்டுக்கு வசதிதான் முதல் கேள்வி. சுடுகளத்தில் வாடகைக்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா சுட்டுப் பார்த்தேன். எஃகுச் சட்டமும் தடித்த குழலும் உள்ள ரூகர் மார்க் 4 டார்கெட் சுமார் 1.2 கிலோ. முதல் இருபது தோட்டா வரை பாறை மாதிரி நின்றது. நாற்பதாவதில் கை நடுங்கத் தொடங்கியது. அதன் பிடி பின்னால் நன்றாகச் சாய்ந்திருக்கும். 1949இல் வந்த முதல் ரூகரிலிருந்தே அந்தச் சாய்வுதான். கையை நீட்டினால் குழல் எனக்கு மேல்நோக்கியே போயிற்று. பிரவுனிங் பக் மார்க்கின் விசை அருமை, ஆனால் அதன் பிடியில் என் உள்ளங்கை நிரம்பவில்லை. கடைசியில் 22/45 லைட். பழைய 1911 ராணுவத் துப்பாக்கியின் பிடிக்கோணம், எடை ஏறக்குறைய 700 கிராம். கண்ணை மூடிக் கையை நீட்டி, பிறகு திறந்து பார்த்தால் குழல் இலக்கை நோக்கி இருந்தது. கடைக்காரர் சொல்லும் எந்த விளக்கத்தையும்விட இந்தச் சோதனையை நம்பலாம். விரலின் முதல் கணு விசையைச் சிரமமின்றி எட்டுகிறதா என்பதையும் பாருங்கள். மார்க் 4இல் பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் பிரிந்துவிடும். முந்தைய மார்க்குகளைப் பிரித்துத் துடைத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நாற்பதைக் கடந்த கண்ணுக்கு முன்முனைக் குறிமுள் மங்கல்தான். சிவப்புப் புள்ளி காட்டும் சிறு கண்ணாடி பொருத்திய பிறகு வெள்ளெழுத்துப் பிரச்சினை இல்லை.

வீட்டில்தான் உண்மையான தேர்வு. மகளுக்குப் பதிமூன்று வயது.

"எண் பூட்டுப் பெட்டி வாங்கிடலாம்," என்றேன்.

"வைஃபை பாஸ்வேர்டையே அவதான் எனக்குச் சொல்றா. நீங்க வைக்கிற எண் அவளுக்கு எத்தனை நாள் தெரியாம இருக்கும்?" என்றாள் மனைவி.

பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி, சுடத் தயாராக உள்ள துப்பாக்கியை அலட்சியமாக விட்டுவைப்பது டெக்சாசில் குற்றம். அவள் பேசியது சட்டமல்ல. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு வரும் கெட்ட நாட்களைப் பற்றி. அன்றிரவு நான் வாதாடவில்லை. துப்பாக்கி ஒரு பெட்டியில், என் விரல்ரேகைக்கு மட்டும் திறக்கும். தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பெட்டியில்; அதன் சாவி மனைவியிடம். சனிக்கிழமை காலை சுடப் போக வேண்டுமென்றால் அவளிடம் கேட்டு வாங்க வேண்டும். ஒருநாள் முகம் பார்த்து, "இன்னைக்கு வேண்டாம்," என்றாள். வேலையில் மோசமான வாரம் அது. சரிதான்.

சிறு வேட்டை இன்னும் தள்ளியே இருக்கிறது. கிழக்கு டெக்சாசில் நிலம் வைத்திருக்கும் அலுவலக நண்பர் முயலுக்கும் அணிலுக்கும் அழைக்கிறார். 1971 செப்டம்பர் 2இலிருந்து பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்று தேவை, அதை முடித்துவிட்டேன். ஆனால் எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பதினைந்து கெஜத்தில், நின்றபடி, பத்துக்குப் பத்தும் இரண்டு அங்குல வட்டத்துக்குள் விழ வேண்டும். முயலின் தலை அதைவிடப் பெரிதல்ல. காயத்தோடு புதருக்குள் ஓடினால் அது எத்தனை மணி நேரம் துடிக்கும் என்பதை நினைக்கவே முடியவில்லை. மரத்தில் இருக்கும் அணில் என்றால் பின்னால் தடித்த கிளையோ அடிமரமோ இருக்க வேண்டும்; தப்பிய .22 ஒரு மைலுக்கு மேல் போகும். கறியில் ஈயத்துணுக்கு தங்கும் என்பதால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிய வேண்டும். சுட்டு முடித்ததும் கை கழுவாமல் எதையும் தின்னக் கூடாது.

இப்போதைக்குப் பத்துக்கு ஏழு. தொலைநோக்கி பொருத்திய ரைஃபிள் என்றால் உடனே வரலாம் என்கிறார் நண்பர். அதற்கு வீட்டில் மறுபடியும் முதலிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும்.