சீனத் துறைமுகத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு... குவான்சோவின் கதை!

சளி பிடித்தால் எங்கள் வீட்டில் கல்யாண முருங்கை இலையை அரிசியோடு அரைத்து அடை சுட்டுக் கொடுப்பார்கள். முள்முருங்கை என்றும் சொல்வோம். இலையெல்லாம் கொட்டிப்போய், மரம் முழுக்கச் செக்கச்செவேலென்று பூத்து நிற்கும். இந்த மரத்தின் பெயராலேயே உலகம் அறிந்திருந்த ஒரு துறைமுகம் உண்டு. அது இருப்பது சீனாவில்.

தைவானுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது ஃபூஜியன் மாகாணம். அங்கேதான் குவான்சோ. (நாம் அடிக்கடி கேள்விப்படும் குவாங்சோ வேறு ஊர், இன்னும் தெற்கே.) 10-ம் நூற்றாண்டில் நகர மதிலை விரிவாக்கியபோது சுற்றிலும் இந்த மரத்தை நட்டார்கள் என்கிறார்கள். சீன மொழியில் மரத்தின் பெயர் 'சித்தோங்'. அது அரபு வணிகர்களின் வாயில் 'ஸைத்தூன்' ஆகிவிட்டது. மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் அந்தப் பெயரில்தான் எழுதிவைத்தார்கள். பளபள சாட்டின் துணியின் பெயரும் இந்த ஊரிலிருந்துதான் வந்தது என்பது பலரின் கருத்து.

டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பதால் எனக்கு ஃபார்வர்டுகள் குவியும். 'சீனாவில் சோழர்கள் கட்டிய சிவன் கோயில்! ஷேர் செய்யுங்கள் தமிழர்களே!' என்று டிரம்ஸ் சத்தத்தோடு ஒரு வீடியோ மாதம் ஒருமுறையாவது வந்துவிடும். அதில் வரும் ஊர் இதே குவான்சோதான். கோயில் இருந்தது உண்மை. தமிழ்க் கல்வெட்டும் உண்மை. ஆனால் 'சோழர்கள்' என்ற வார்த்தை இடிக்கிறது.

கல்வெட்டின் காலம் 1281, சித்திரை மாதம். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1279-ல், இங்கே சோழர் ஆட்சி முடிந்துவிட்டது. அதே 1279-ல்தான் அங்கே சோங் அரச வம்சமும் மங்கோலியர்களிடம் வீழ்ந்தது. இரண்டு கரையிலும் ராஜாக்கள் காணாமல்போன நேரத்தில், சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் ஒருவர் அந்த ஊரில் சிவனைப் பிரதிஷ்டை செய்திருக்கிறார். படை எதுவும் கூட வரவில்லை. கானின் ஆணைப்படி, கானின் உடல்நலத்துக்காக இதைச் செய்ததாகக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார். அந்தக் கான் குப்லாய் கானாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பெரும்பகுதி தமிழ். அடியில் சீன எழுத்து.

அப்பா ஷார்ஜாவில் 19 வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்துவிட்டு வந்தவர். இதை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"பெர்மிஷன் வாங்கினதை எழுதிருக்கான் பாரும்மா. வெளியூர்ல பொழைக்கிறவன் அதை மறக்கவே மாட்டான்" என்றார்.

அப்பாவின் அறையில் எட்டு பேர். அவருடைய இரும்பு அலமாரியின் உள்பக்கக் கதவில் முருகன் படம் ஒட்டியிருந்தாராம். கதவைத் திறந்தால் கோயில், மூடினால் அலமாரி. அங்கே கடைகளில் லைசென்ஸும் ஆட்சியாளரின் படமும் சுவரில் மாட்டியிருக்கும் என்பார். சம்பந்தப் பெருமாள் யார், எந்த ஊர், அவருக்குக் குடும்பம் இருந்ததா என்றெல்லாம் கல் சொல்லவில்லை. ஆனாலும் அப்பா பேசியதற்குப் பிறகு எனக்கு அந்தக் கல்வெட்டு வெற்றிச் சின்னமாகத் தெரியவே இல்லை. நம் ஊர்க் கல்வெட்டுகளில் அரசன் நலம் வேண்டித் தானம் கொடுக்கும் அதே வழக்கத்தை, மொழி தெரியாத ஊரின் மன்னனுக்காக ஒருவர் செய்திருக்கிறார்.

இத்தனை பேர் அங்கே ஏன் குடியேறினார்கள்? காற்றுதான் காரணம். பாய்மரக் கப்பல்கள் குளிர்காலத்து வடகிழக்குக் காற்றில் குவான்சோவிலிருந்து தெற்கே கிளம்பும், கோடையின் தென்மேற்குக் காற்றில் திரும்பி வரும். காற்று மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நல்ல காற்று வேண்டி அதிகாரிகளே சடங்கு நடத்தியிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே ஜியூரி குன்றின் பாறைகளில் அதைப் பொறித்தும் வைத்திருக்கிறார்கள். சுங்கமும் வணிகமும் பார்க்க 1087-லேயே அங்கே தனி அரசு அலுவலகம் இருந்தது. காத்திருப்பவர்களுக்கு வீடு வேண்டும், சந்தை வேண்டும், சாமியும் வேண்டும். 1009-ல் கட்டிய மசூதி இன்றும் நிற்கிறது. உலகின் மற்ற இடங்களில் அநேகமாக அழிந்துவிட்ட மானி சமயத்துக்குக்கூட பக்கத்தில் ஒரு கோயில் இருக்கிறது.

1974-ல் அங்கே சேற்றிலிருந்து 13-ம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றைத் தோண்டியெடுத்தார்கள். அடிப்பகுதியில் 13 தனித்தனி அறைகள். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை தப்பும். உள்ளே வாசனைக் கட்டைகள், மிளகு, கொட்டைப்பாக்கு. நம் மளிகைக்கடை வாசனை அந்தக் கப்பலிலும் அடித்திருக்கும்போல!

1357-ல் தொடங்கிய கலகம் பத்து வருடம் நகரை உலுக்கியது. அடுத்து வந்த மிங் ஆட்சி தனியார் கடல் வணிகத்துக்குத் தடை போட்டது. துறைமுகமும் தூர்ந்துகொண்டே போனது. சிவன் கோயில் இடிந்து, அதன் கற்கள் மதிலுக்கும் மற்ற கட்டடங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. 20-ம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது அந்தக் கற்கள் திரும்ப வெளியே வந்தன. அவற்றைத் தேடித் தேடிச் சேகரித்தவர் ஊ வென்லியாங் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். உண்மையில் இவருக்குத்தான் நாம் ஒரு வீடியோ போட வேண்டும். 2021-ல் குவான்சோவின் 22 இடங்கள் யுனெஸ்கோ பாரம்பர்யப் பட்டியலில் சேர்ந்தன.

இன்றைய குவான்சோ ஸ்போர்ட்ஸ் ஷூக்களின் ஊர். ஆன்டா போன்ற பிராண்டுகள் அதன் ஜின்ஜியாங் பகுதியில் பிறந்தவை. ஷுன்பூ என்ற மீனவர் குடியிருப்பில் பெண்கள் கொண்டையைச் சுற்றிப் பூ வளையங்கள் சூடுவார்கள். இப்போது சீன இளம்பெண்கள் ரயில் ஏறி வந்து, அதேபோல் அலங்கரித்துக்கொண்டு போட்டோ எடுத்துத் தள்ளுகிறார்கள். ஷியாமென் நகரம்வரை போனால், அங்கிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான்.

போகிறவர்கள் கைய்யுவான் புத்தர் கோயிலின் பிரதான மண்டபத்துக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். இரண்டு தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் இருக்கிறார்கள். கடல்சார் அருங்காட்சியகத்தில் அந்தக் கோயில்களின் மற்ற கற்களைப் பார்க்கலாம். லிங்கத்தை யானை வணங்கும் சிற்பமும் இந்த ஊரில் கிடைத்ததுதான். நமக்கு உடனே திருவானைக்காவல் ஞாபகம் வரும்.

ஜின்ஜியாங் பக்கம் செதியான் என்றொரு கிராமம். அங்கே சின்னக் கோயிலில் நான்கு கைகளோடு அமர்ந்திருக்கும் ஓர் அம்மன் சிலை. இதுவும் அந்தக் காலத்து இந்துக் கோயில் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஊர் மக்களுக்கு அவள் குவான்யின், கருணையின் தெய்வம். கிராமத்துப் பாட்டிகள் ஊதுவத்தி ஏற்றி, பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.